மாணவர் அமைப்புகளுக்கான அங்கீகாரம்: சலுகையல்ல, உடன்படிக்கை

பல்கலைக்கழகம் ஒன்றினுள் இயங்கும் மாணவர் அமைப்பை நிர்வாகம் எந்த அடிப்படையில் அங்கீகரிக்க வேண்டும், எந்த அடிப்படையில் அந்த அங்கீகாரத்தை மீளப்பெற வேண்டும் என்ற வினா வெறும் நிர்வாக வினாவாகவே எமது நாட்டில் நீண்டகாலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. துணைவேந்தரின் மேசையில் கிடக்கும் ஒரு கோப்பு, பெரும்பொருளாளரின் ஒரு கையொப்பம், ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையின் ஒரு பிரதி என்ற அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. ஆனால் புதிதாகப் பல்கலைக்கழக வாயிலில் கால் வைக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையின் பாதுகாப்பும் மானமும், சில வேளைகளில் உயிரும் இவ்வினாவோடு பிணைந்திருப்பதை அண்மைக்கால நிகழ்வுகள் எமக்கு உணர்த்தியிருக்கின்றன.

சப்ரகமுவ மாகாணத்தில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு இவ்விடயம் தூரத்து விவகாரம் அல்ல. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை நோக்கிச் செல்லும் வீதியில் பெல்மதுளையைக் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் பெலிஹுல்ஓயாவை அடையலாம். சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக அமைக்கப்பட்டிருந்த கட்டடங்களைக் கொண்டு 1990களின் நடுப்பகுதியில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் அங்கு தொடங்கப்பட்டது. பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளுக்கும், இரத்தினக்கல் வர்த்தகத்தையும் சிறு கடைகளையும் நம்பி வாழும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கண்ணுக்கு எட்டிய தொலைவில் உள்ள பல்கலைக்கழகம் இதுவே. எனினும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் தீர்மானிக்கும் விதத்தில் எமது பிள்ளைகள் பேராதனைக்கும் கொழும்புக்கும், யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும், ஒலுவிலுக்கும் அனுப்பப்படுகின்றனர். ஆகவே நாம் இங்கு பேசுவது ஒரு வளாகத்தைப் பற்றி மட்டுமன்று. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நடைமுறையைப் பற்றியாகும்.

தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோர் ஆக்கப்பட்ட ஒரு சமூகம், 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களின் ஊடாகவே அவ்வவலத்திலிருந்து முற்றாக மீண்டது. தமிழ் மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மிகச் சிலவே. அவற்றிலும் ஆசிரியர் பற்றாக்குறை தீராத நோய். இத்தனை தடைகளையும் தாண்டி லயன் அறையிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் ஒரு மாணவனோ மாணவியோ அக்குடும்பத்தின் முதலாவது பட்டதாரியாக மாத்திரமன்றி, பல வேளைகளில் அத்தோட்டத்தின் முதலாவது பட்டதாரியாகவும் ஆகக் கூடியவர். அப்பிள்ளை இரண்டே மாதங்களில் பெட்டி படுக்கையுடன் வீடு திரும்புமானால் இழப்பு ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று.

அப்பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் முதலில் எதிர்கொள்பவர் விரிவுரையாளர் அல்லர், சிரேஷ்ட மாணவர்களே. அவர்கள் இரு வடிவங்களில் வருகின்றனர். ஒன்று, யாப்பும் நிர்வாகக் குழுவும் பெரும்பொருளாளரும் கொண்ட, நிர்வாகத்தால் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு. மாணவர் ஒன்றியம், தமிழ்ச் சங்கம், இந்து மாணவர் சங்கம், முஸ்லிம் மஜ்லிஸ், கத்தோலிக்க, பௌத்த மாணவர் அமைப்புகள் ஆகியன இவ்வகையின. மற்றையது, யாப்பும் இல்லாத, பெயரும் இல்லாத, எந்தப் பதிவேட்டிலும் காணப்படாத ஒரு கூட்டம். புதிய மாணவர் என்ன உடுக்க வேண்டும், எந்த வழியால் நடக்க வேண்டும், சிற்றுண்டிச்சாலையில் எங்கே அமர வேண்டும், எவரோடு பேசக் கூடாது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கூட்டமே. எமது பல்கலைக்கழகங்களில் உண்மையான அதிகாரம் அங்கீகாரமே கோராத இக்கூட்டத்திடம் இருப்பதுதான் இப்பிரச்சினையின் முதல் முரண்பாடு.

சட்டத்தில் குறைவில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாணவர் ஒன்றியங்களுக்கும் ஏனைய சங்கங்களுக்கும் இடமளிக்கிறது. பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குப் பங்கம் விளைவிக்கும் அமைப்பை இடைநிறுத்தவும் கலைக்கவும் நிர்வாகத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. ஒன்றுகூடி அமைப்பாகும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரஜைகளுக்கு உறுதிப்படுத்துகிறது. பகிடிவதையைப் பொறுத்தவரை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தெளிவானது. பகிடிவதையில் ஈடுபடுவோருக்கு 2 ஆண்டுகள் வரையிலும், பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைவிப்போருக்கு 10 ஆண்டுகள் வரையிலும் கடூழியச் சிறை விதிக்க அதில் ஏற்பாடு உள்ளது. 2010ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 919ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் பகிடிவதைத் தடுப்புக்கான வழிகாட்டல்களையும் வழங்கியது.

இச்சட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருத்தல் அவசியம். 1975ஆம் ஆண்டு பேராதனையின் இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்கு அஞ்சி மேல்மாடியிலிருந்து பாய்ந்த மாணவி ஒருவர் உடல் இயக்கத்தை இழந்தார். 1997ஆம் ஆண்டு அதே பேராதனையில் பொறியியற் பீடத்துக்கு வந்த தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து உயிர் துறந்தார். அந்த மரணமே நாட்டின் மனச்சாட்சியை உலுக்கி 1998ஆம் ஆண்டின் சட்டத்துக்கு வழி திறந்தது. தமிழகத்திலும் இதே வரிசைதான். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின்னரே 1997இல் தமிழ்நாடு அரசு பகிடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஒரு பிள்ளையின் உயிரை விலையாகக் கொடுத்த பின்னரே சட்டம் வருவது எமது பிராந்தியத்தின் வழமையாகிவிட்டது.

சட்டம் வந்த பின்னரும் துயரம் ஓயவில்லை. 2015ஆம் ஆண்டு சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவி ஒருவரின் மரணம் பகிடிவதையோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர் ஒருவர் மீது டயர் ஒன்று உருட்டிவிடப்பட்டதில் அவர் தலையில் படுகாயமடைந்தார். 2025 ஏப்ரல் இறுதியில் மீண்டும் அதே சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீட மாணவர் ஒருவர் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பகிடிவதைக்கு உள்ளாக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தியதும், மாணவர்கள் சிலர் கைதானதும் நாடறிந்த செய்தி. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். ஆனால் பத்தாண்டு இடைவெளியில் ஒரே வளாகத்தின் பெயர் இருமுறை இவ்வாறு அடிபடுவது தற்செயல் எனக் கூறி எவரும் தப்பிவிட முடியாது.

மேற்கூறிய நிகழ்வுகளில் ஒரு பொது அம்சத்தை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். ஒவ்வொரு தடவையும் தனி மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். வகுப்புத் தடைக்கு உள்ளாயினர். ஆனால் அவர்களை அவ்வாறு நடக்கத் தூண்டிய கூட்டமைப்பு, அதன் வழக்காறுகள், அதன் கட்டளைச் சங்கிலி ஆகியன விசாரிக்கப்பட்டதில்லை. ஏனெனில் சட்டத்தின் கண்ணில் அப்படி ஓர் அமைப்பே கிடையாது. அடுத்த ஆண்டு புதிய அணி வரும்போது அதே வழக்காறு அப்படியே கைமாறுகிறது. முந்திய ஆண்டு அவமதிக்கப்பட்டவனே இவ்வாண்டு அவமதிப்பவனாக மாறுகிறான்.

இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் படிப்பினைகள் பல கொண்டது. அங்கு கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய மாணவர் சகோதரத்துவச் சங்கங்களும் மாணவியர் சங்கங்களும் நீண்ட வரலாறு உடையன. 1776ஆம் ஆண்டு வில்லியம் அன்ட் மேரி கல்லூரியில் தொடங்கப்பட்ட ஃபை பீட்டா கப்பாவில் அம்மரபு வேர் கொண்டது. அவற்றில் பல தமக்கெனச் சொந்த இல்லங்களையும் செல்வாக்குள்ள பழைய உறுப்பினர்களையும் கொண்டவை. புதிய உறுப்பினரைச் சேர்க்கும் சடங்கின் பெயரால் அங்கும் உயிர்கள் பறிபோயுள்ளன. 2017ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை என்ற சங்கத்தின் இல்லத்தில் அளவுக்கு மீறி மது அருந்த வைக்கப்பட்ட மாணவர் ஒருவர் விழுந்து காயமடைந்து இறந்தார். பல்கலைக்கழகம் அச்சங்கத்தின் அங்கீகாரத்தை நிரந்தரமாக நீக்கியது. மறு ஆண்டு அம்மாநிலம் கடும் சட்டம் ஒன்றை இயற்றியது.

எனினும் அங்கீகாரத்தை நீக்குவதால் மட்டும் ஒரு கூட்டம் மறைந்துவிடுவதில்லை என்பதையும் அந்நாடு கற்றுக்கொண்டது. அங்கீகாரம் இழந்த சங்கங்கள் சில வளாகத்துக்கு வெளியே வேறு பெயரில், முன்னரிலும் இரகசியமாக இயங்கத் தொடங்கின. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2016இல் வேறொரு வழியை நாடியது. ஆண்களை மட்டுமோ பெண்களை மட்டுமோ சேர்க்கும் அங்கீகாரமற்ற கழகங்களில் இணைவோர், அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளில் தலைமைப் பதவி வகிக்க முடியாது என அறிவித்தது. வழக்குகளும் எதிர்ப்புகளும் தொடர்ந்தன. 2020இல் உச்ச நீதிமன்றம் பால்நிலைப் பாகுபாடு தொடர்பாக வழங்கிய தீர்ப்பின் பின்னர் அவ்விதி நிலைக்காது எனக் கண்டு பல்கலைக்கழகமே அதைக் கைவிட்டது. நல்ல நோக்கம் கொண்ட விதியும் சரியாக வகுக்கப்படாவிடின் சட்டத்தின் முன் நிற்காது என்பதே இதன் பொருள்.

இறுதியில் அந்நாடு வெளிப்படைத்தன்மையையே ஆயுதமாக எடுத்தது. 2024 டிசெம்பரில் சட்டமான வளாகப் பகிடிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, உயர்கல்வி நிறுவனங்கள் தமது ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் பகிடிவதைச் சம்பவங்களின் எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும். எந்த மாணவர் அமைப்பு விதியை மீறியதாகக் கண்டறியப்பட்டது என்பதைப் பெயருடன் பகிரங்கப்படுத்தவும் வேண்டும். பெற்றோர் ஒருவர் தமது பிள்ளை சேர விரும்பும் சங்கத்தின் கடந்த காலத்தைத் தாமே பார்த்தறிய இதன் மூலம் வழி பிறக்கிறது. எமது நாட்டில் இவ்வாறான பகிரங்கப் பதிவேடு எதுவும் நடைமுறையில் இல்லை.

அங்கீகாரத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். அதிகாரம் தமக்குப் பிடிக்காத குரலை அடக்குவதற்கும் அங்கீகாரம் என்ற கருவியைக் கையாளலாம். 1972ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹீலி எதிர் ஜேம்ஸ் என்ற வழக்கில் இதனை ஆராய்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் அரச கல்லூரி ஒன்றின் தலைவர், இடதுசாரி மாணவர் அமைப்பு ஒன்றின் கொள்கை தமக்கு உடன்பாடல்ல என்பதால் அங்கீகாரம் மறுத்தார். கருத்து வேறுபாடும் வெறும் அச்சமும் மறுப்புக்குக் காரணமாகா. மறுக்கும் நிறுவனமே காரணத்தை நிறுவ வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அதேவேளை, வளாகத்தின் நியாயமான விதிகளுக்குக் கட்டுப்படுவதாக அமைப்பு உறுதியளிக்க வேண்டும் எனக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றும் அது ஏற்றுக்கொண்டது. ஒரு பக்கம் காரணம் காட்டும் கடமை, மறுபக்கம் விதிக்குக் கட்டுப்படும் கடமை என்ற இத்தராசு எமது நிர்வாகிகளும் மாணவர் தலைவர்களும் ஒருங்கே கவனிக்கத் தக்கது.

எமது நாட்டிலும் இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. மாணவர் ஒன்றியங்கள் இலவசக் கல்விக்காகவும் பொது உரிமைகளுக்காகவும் போராடிய வரலாறு உண்டு. 2022ஆம் ஆண்டு மக்கள் எழுச்சியின் பின்னர், அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் ஏற்பாட்டாளர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டதை நாடு கண்டது. பகிடிவதையை ஒழிக்கிறோம் என்ற பெயரில் மாணவர் அரசியலை ஒழிக்க முனைவோருக்கு நாம் துணை போகலாகாது. அவ்வாறே, மாணவர் அரசியலைக் காக்கிறோம் என்ற பெயரில் பகிடிவதைக்குக் குடை பிடிப்போரையும் நாம் ஏற்க முடியாது. புதிய மாணவரைப் பணிய வைத்து ஆள் திரட்டும் எந்த இயக்கமும் மக்கள் உரிமை பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது.

தமிழ், முஸ்லிம் மாணவர் அமைப்புகளைப் பொறுத்தவரை அங்கீகாரம் இன்னொரு பரிமாணம் பெறுகிறது. சிங்களம் அறியாது, ஆங்கிலத்திலும் தடுமாறும் தோட்டப்புற மாணவிக்கு விண்ணப்பப் படிவம் நிரப்புவது முதல், மகாபொல உதவித்தொகை, விடுதி, மரக்கறி உணவு, ஹலால் உணவு, தொழுகை அறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், பொங்கல், வாணி விழா வரை எல்லாவற்றுக்கும் முதல் புகலிடம் இவ்வமைப்புகளே. பேராதனையில் தமிழ்ச் சங்கம் வெளியிட்டு வந்த ‘இளங்கதிர்’ பல எழுத்தாளரின் முதற் களமாக இருந்தது. அங்குள்ள குறிஞ்சிக் குமரன் ஆலயம் மாணவரின் முயற்சியோடு வளர்ந்தது. பல்கலைக்கழக முஸ்லிம் மஜ்லிஸ்கள் தலைமுறை தலைமுறையாகச் சமூகத் தலைவர்களை உருவாக்கியிருக்கின்றன. இவற்றை இனவாதக் கூடாரங்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் வரலாறு அறியாதோர் ஆவர்.

ஆயினும் நெருக்கடிக் காலங்களில் முதலில் சந்தேகிக்கப்படுவன இவ்வமைப்புகளே. 2014 ஓகஸ்டில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் தாக்கப்பட்டபோது அங்கு பயின்ற தமிழ் மாணவர் அனைவரிடையேயும் பீதி பரவியது. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் மாணவரின் தொழுகை அறையும் நூலும் உடையும் கூடச் சந்தேகக் கண்ணோடு நோக்கப்பட்டன. அத்தகைய வேளையில் முறையாகப் பதிவு செய்யப்பட்டு, கணக்கும் கூட்ட அறிக்கையும் ஒழுங்காக வைத்திருக்கும் அமைப்பு, தன் உறுப்பினர் சார்பில் துணிந்து பேச முடியும். ஆண்டுதோறும் எவரது தயவிலோ தங்கியிருக்கும் அமைப்பினால் அது இயலாது. ஆகவே தெளிவான அங்கீகார விதி சிறுபான்மை மாணவருக்குத் தடையன்று, கேடயமாகும்.

இதைப் பெருந்தோட்ட மக்களுக்கு விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தொழிற்சங்கம் என்பதையே தோட்டத்துரைமார் ஏற்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கங்களைப் பதிவு செய்ய வழி வகுத்தது. ஆயினும் தோட்டத்தின் எல்லைக்குள் சங்கம் அமைத்தோர் வேலைநீக்கத்துக்கும் வெளியேற்றத்துக்கும் ஆளாயினர். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டில் துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தன. பின்னர் 1999ஆம் ஆண்டு கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம், தொழிலாளரில் 40 சதவீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பதைத் தொழில் தருநருக்குத் தடை செய்தது. துரையின் விருப்பத்தில் தங்கியிருந்த அங்கீகாரம், யாவருக்கும் தெரிந்த ஓர் அளவுகோலில் தங்கியதாக மாற அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பல்கலைக்கழகத்திலும் நாம் வேண்டுவது அத்தகைய அளவுகோலையே.

இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் கூறாமல் விட முடியாது. பகிடிவதை பெரும்பான்மையினர் சிறுபான்மையினருக்குச் செய்யும் கொடுமை மட்டும் அல்ல. பெரும்பாலான வளாகங்களில் அது மொழி வாரியாகவே நடைபெறுகிறது. தமிழ் மாணவனைத் தமிழ் சிரேஷ்டனே வதைக்கிறான். முஸ்லிம் மாணவனை முஸ்லிம் சிரேஷ்டனே அவமதிக்கிறான். வரப்பிரகாஷின் மரணம் தொடர்பில் குற்றஞ்சாட்டப்பட்டோரிலும் தமிழ் பேசும் மாணவர் இருந்தனர். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களும் இந்நோய்க்கு விலக்கல்ல. தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளையின் பேச்சு வழக்கையும் பெற்றோரின் தொழிலையும் வைத்துக் கேலி செய்வோர் வேற்றினத்தவர் அல்லர். அங்கீகாரம் பெற்ற எமது சங்கங்களின் நிர்வாகிகள் பகலில் வரவேற்பு விழா நடத்திவிட்டு, இரவில் தமது அணியினர் செய்வதைக் கண்டும் காணாதிருந்தால் அப்பழி அச்சங்கத்தையே சாரும்.

வரவேற்பு நிகழ்வுகள் கூட விதியின்றி நடத்தப்படும்போது எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் நடந்தது சான்று. புதிய மாணவரை அழைத்து வரும் ஊர்வலத்தில் கண்டிய நடனம் சேர்க்கப்படுவது தொடர்பான இணக்கமின்மை, தமிழ், சிங்கள மாணவரிடையே மோதலாக வெடித்தது. நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே எழுத்தில் இணங்கப்பட்டிருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய ஒன்று அது. எண்ணிக்கையில் குறைந்தோரின் கலைக்கும் சமயத்துக்கும் உரிய இடம், எந்த வளாகமாயினும் ஒரே அளவில் உறுதி செய்யப்பட வேண்டும். பெலிஹுல்ஓயாவில் எமக்கு நாம் கோருவதை யாழ்ப்பாணத்தில் பிறருக்கு மறுக்க இயலாது.

சமய, மொழி அமைப்புகள் எல்லோரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டுமா என்ற வினாவும் எழுப்பப்படுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி தொடர்பான வழக்கில், அங்கீகாரம் பெறும் ஒவ்வோர் அமைப்பும் எல்லா மாணவரையும் ஏற்க வேண்டும் என்ற விதியை ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் செல்லுபடியாக்கியது. எமது சூழலுக்கு அதை அப்படியே பெயர்ப்பது பொருந்தாது. தொழுகையை நடத்துவோரையும் பூசையை ஒழுங்கு செய்வோரையும் அச்சமயத்தவரே தெரிவு செய்தல் இயல்பு. ஆனால் இப்தார், பொங்கல், மீலாத், வெசாக், ஒளி விழா ஆகியவற்றின் வாயில் எல்லா மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் தமிழ் கற்க விரும்பும் சிங்கள மாணவருக்கும் இடம் இருக்க வேண்டும். அதுபோலவே, தமிழ் பேசும் முஸ்லிம் மாணவர் தமிழ்ச் சங்கத்தில் விருந்தினராக அன்றி, உரிமையுள்ள பங்காளிகளாக நடத்தப்பட வேண்டும்.

இப்பின்னணியில், அங்கீகார விதிகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பது பற்றி எமது கருத்துகளை முன்வைக்கின்றோம்.

முதலாவதாக, அங்கீகாரத்துக்கான நிபந்தனைகள் மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட்டு, எல்லா மாணவருக்கும் கிடைக்கச் செய்யப்பட வேண்டும். விண்ணப்பத்துக்குக் குறித்த நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். மறுப்பதாயின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். துணைவேந்தரின் முடிவுக்கு எதிராகப் பேரவையிடம் மேன்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். குறைந்தபட்ச உறுப்பினர் தொகை நிர்ணயிக்கப்படும்போது, ஒரு பீடத்தில் இருபது முப்பது பேராக மட்டும் உள்ள சிறுபான்மை மாணவர் அதனால் வெளியே தள்ளப்படாதவாறு கவனம் வேண்டும்.

இரண்டாவதாக, எந்த அமைப்பிலும் உறுப்புரிமை மாணவரின் சுய விருப்பத்தின் பேரிலேயே அமைய வேண்டும். புதிய மாணவரிடம் கையில் பணம் வசூலிப்பதும், கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் வருமாறு கட்டளையிடுவதும் அங்கீகாரத்தை இழக்கச் செய்யும் குற்றங்களாகக் கொள்ளப்பட வேண்டும். வீட்டிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சிறு தொகையில் சாப்பாட்டையும் பஸ் கட்டணத்தையும் சமாளிக்கும் பிள்ளைக்கு ‘அணிப் பணம்’ என்பது இரவு உணவை இழப்பதாகும்.

மூன்றாவதாக, புதிய மாணவருக்காக நடத்தப்படும் எந்த நிகழ்வும் இடம், நேரம், பொறுப்பாளர் விபரத்துடன் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, விரிவுரையாளர் ஒருவரின் முன்னிலையில், பகலில் நடைபெற வேண்டும். பெரும்பொருளாளர் என்பவர் காசோலையில் ஒப்பமிடும் பெயரளவுப் பதவியாளராக இருத்தல் போதாது. வருடத்தில் சில தடவைகளாவது முதலாம் வருட மாணவரைத் தனியே சந்தித்து அவர்கள் குறைகளைக் கேட்கும் கடப்பாடு அவருக்கு இருக்க வேண்டும். தமிழ் மாணவர் உள்ள பீடங்களில் தமிழ் பேசக் கூடிய மாணவர் ஆலோசகர் ஒருவர் நியமிக்கப்படுவதும் இன்றியமையாதது. தனக்கு நேர்ந்ததைத் தன் மொழியில் சொல்ல ஆளில்லாத பிள்ளை மௌனத்தையே தெரிவு செய்யும்.

நான்காவதாக, தண்டனை படிமுறையாக அமைய வேண்டும். எச்சரிக்கை, நிதி நிறுத்தம், தற்காலிக இடைநிறுத்தம், அங்கீகார நீக்கம் என்ற வரிசை தெளிவாக்கப்பட வேண்டும். ஒருவரது செயலுக்காக முழுச் சங்கத்தையும் தண்டிப்பது அநீதி. ஆனால் நிர்வாகிகள் அறிந்திருந்தும் தடுக்காத போது, சங்கம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. கண்டறியப்பட்ட மீறல்கள், பாதிக்கப்பட்டோரின் அடையாளம் வெளிப்படாத வகையில், ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

ஐந்தாவதாகவும் முக்கியமாகவும், அங்கீகாரமே கோராத கூட்டங்களை என்ன செய்வது என்பதற்கு விடை காணப்பட வேண்டும். பெயரில்லாத கூட்டத்தைக் கலைக்க முடியாது. ஆனால் அதற்கு உணவாக இருப்பவற்றை நிறுத்த முடியும். விடுதி அறை ஒதுக்கீடும் குறிப்புப் புத்தகங்களும் பாட உதவியும் சிரேஷ்டரின் தயவில் தங்கியிருக்கும் வரை, அவர்களை எதிர்க்கப் புதிய மாணவரால் முடியாது. இவ்வுதவிகளை நிர்வாகமும் அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களும் பொறுப்பேற்குமாயின் அக்கூட்டத்தின் பிடி தானாகத் தளரும். முறைப்பாடு செய்யும் மாணவருக்கு உடனடியாகப் பாதுகாப்பான தங்குமிடம் வழங்கும் ஏற்பாடும் வேண்டும். முறைப்பாடு செய்துவிட்டு அதே விடுதிக்கு, அதே இரவில் திரும்பிப் போக வேண்டியிருந்தால் எந்தத் தொலைபேசி இலக்கமும் எந்த இணையவழி முறைப்பாட்டுப் படிவமும் பயன் தரா.

பெற்றோருக்கும் சமூகத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எல்லோரும் கடந்து போவதுதானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்’ என்று பிள்ளைக்கு அறிவுரை கூறும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் போது முகவரியையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுப்பது போல, மாணவர் ஆலோசகரின் பெயரையும் விடுதிக் காப்பாளரின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளை திடீரெனப் பேச்சைக் குறைத்தால், விடுமுறை முடிந்தும் திரும்பிச் செல்லத் தயங்கினால், காரணத்தைப் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். தோட்டக் கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊரின் பழைய பட்டதாரிகளைக் கொண்டு, புதிதாகத் தெரிவாகும் மாணவருக்கு முன்கூட்டியே வழிகாட்டல் நடத்தலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எமது மாணவர் சங்கங்களின் தலைவர்களுக்கும் நாம் கூறுவது ஒன்றுண்டு. அங்கீகாரம் என்பது சுவரில் மாட்டும் சான்றிதழ் அன்று. நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும், சங்கத்துக்கும் புதிய மாணவருக்கும் இடையிலான உடன்படிக்கை அது. நிர்வாகம் நியாயமாக நடக்கவில்லை எனில் துணிந்து கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு முன்னர், உங்கள் சங்கத்தின் பெயரால் எந்த முதலாம் வருடப் பிள்ளையும் தலை குனிய வைக்கப்படவில்லை என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர்களாக இருங்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சும், எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான அங்கீகார விதிக்கோவை ஒன்றை மாணவர் பிரதிநிதிகள், விரிவுரையாளர்கள், பெற்றோர் ஆகியோரின் கருத்தறிந்து வகுக்க முன்வர வேண்டும் என வலியுறுத்துகின்றோம். 1998ஆம் ஆண்டு முதல் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதற்குப் பின்னரும் பெலிஹுல்ஓயாவிலிருந்து துயரச் செய்திகள் வந்திருக்கின்றன. இன்னுமொரு பிள்ளையின் பெயரால் இன்னுமொரு சட்டம் இயற்றும் நிலை இந்நாட்டுக்கு வரக் கூடாது. பெல்மதுளைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து நாளை புறப்படவிருக்கும் பிள்ளை, பட்டத்துடன் திரும்பி வருவதை உறுதி செய்வது எம்மனைவரதும் கடமையாகும்.